புள்ளி வைக்காத கேள்விகள்

பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வராத பெண் என்றால் அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருக்க வேண்டும் என்பாள் என் அம்மா. அந்த வருடம் நான் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருந்தேன். எனக்குக் காய்ச்சல்கூட இல்லை.

தீபாவளிக்கு லீவு கிடைக்காவிட்டால் எங்கள் அறையில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டோம். ஆளுக்கொரு பிரியாணி வாங்கித் தின்றுவிட்டுப் படுத்துவிடுவோம். உத்திரம் அப்படியில்லை. எந்த ஊரில் போய்ப் பிழைத்தாலும் அன்றைக்கு அவரவர் சாஸ்தா கோயிலில் போய் நிற்க வேண்டும். வருடம் பூராவும் ஆள் நடமாட்டம் இல்லாமல் குளத்தங்கரையிலும் காட்டுக்குள்ளும் கிடக்கும் கோயில்கள் அவை. அந்த ஒரு நாள் மட்டும் வேனும் காரும் பைக்குமாக நிறைந்துவிடும். வரப்புத் தகராறில் முகம் பார்க்காத பங்காளிகள்கூட பேசாமலேயே பக்கத்துப் பக்கத்தில் அடுப்பு மூட்டுவார்கள்.

எங்கள் அறை வல்லம் வடகால் தொழிற்பேட்டையிலிருந்து பிள்ளைப்பாக்கம் பக்கம் திரும்பும் சாலையில், ஒரு வீட்டின் மாடியில் இருந்தது. இரும்புக் கட்டில் மேலும் கீழுமாக மூன்று. நாங்கள் ஆறு பேர். ஆறு பேருமே தெற்கே தென்காசி, சங்கரன்கோயில் பக்கம். ஆறு பேரும் கார் இருக்கை செய்யும் ஒரே தொழிற்சாலையில் பயிற்சி ஒப்பந்தத்தில் வேலை பார்த்தோம். என் ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிய இருந்தது. அதற்குப் பிறகு வேறொரு கம்பெனி வாசலில் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குப் போய் அம்மாவோடு பீடி சுற்ற வேண்டும். எனக்கு இரண்டும் வேண்டாம் என்றிருந்தது. வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் பி.சி.ஏ. முடித்திருந்தேன். எம்.சி.ஏ. சேர நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். போன வருடம் எழுதி, இடம் கிடைக்கவில்லை. இந்த வருடத் தேர்வு உத்திரம் முடிந்த அந்த வார இறுதியில் வந்து விழுந்தது. ஊருக்குப் போய்த் திரும்பினால் பஸ்ஸிலேயே படிப்பு முழுவதும் கரைந்துவிடும். அதனால் நான் போகவில்லை. விஷயம் இவ்வளவுதான். ஆனால் அம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. கடைசியில் அவள் கோபத்தை விட்டுவிட்டு கேலிக்கு வந்தாள். இந்தத் தடவையும் இடம் வரவில்லையென்றால் கவலைப்படாதே, பீடித் தட்டு சும்மாதான் கிடக்கிறது, உனக்கென்று துடைத்து வைக்கிறேன் என்றாள்.

ஐந்து பேரும் கிளாம்பாக்கம் போய் பஸ் பிடிக்கக் கிளம்பிய சாயங்காலம் அறை அமர்க்களப்பட்டது. ஒருத்தி வாசலில் நின்று கேட்க, மற்றவர்கள் பதில் சொன்னார்கள். சார்ஜர்? புள்ளி. தண்ணி பாட்டில்? புள்ளி. கேஸ் மூடியாச்சா? புள்ளி, புள்ளி.

இந்தப் புள்ளி எங்கள் லைனில் இருந்து வந்தது. இருக்கைக்கு அடியில் ஒரு தண்டவாளம் மாதிரி இரும்புச் சட்டம் இருக்கும். அதை நான்கு போல்ட் போட்டு முடுக்குவது என் வேலை. ஒவ்வொன்றையும் முடுக்கி, ஒரு தரம் தொட்டுப் பார்த்து, அதன் தலையில் மஞ்சள் பெயின்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நான் பார்த்துவிட்டேன், இது என் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். புள்ளி இல்லாத இருக்கை அடுத்த ஆளிடம் நகரக் கூடாது. சேர்ந்த முதல் நாள் கற்றுத் தருவது இதைத்தான். சந்தேகம் வந்தால் தலைக்கு மேல் தொங்கும் மஞ்சள் கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம். ஆனால் பாதியில் விட்டு அடுத்ததைத் தொடக் கூடாது.

சில மாதங்களில் இது கைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களில் ஒருத்தி குக்கரைத் திறந்து கொண்டைக்கடலை வெந்துவிட்டதா என்று நசுக்கிப் பார்த்தாள். வெந்திருந்தது. மூடியின் மேல் சுட்டுவிரலால் ஒரு புள்ளி வைத்தாள். எங்களில் யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

கிளம்பும்போது சங்கரன்கோயில்காரி மட்டும் படியில் நின்று திரும்பினாள். எங்கள் ஆறு பேரில் வாய் அதிகம் உள்ளவள் அவள்தான். எனக்கு அடுத்தபடியாக என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"ஏட்டி, சாஸ்தாட்ட ஒனக்கு என்ன கேக்கட்டும்?"

"எம்.சி.ஏ. சீட்டு கேளு."

"அவருக்கு ஆனையும் குதிரையும்தான் தெரியும். நான் வெவரமா எடுத்துச் சொல்லிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள்.

அவர்கள் போனபின் அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் பெரிதாகக் கேட்டது. அத்தனை நாளும் அது சத்தம் போட்டுக்கொண்டுதான் சுற்றியிருக்கும். எங்கள் பேச்சில் கேட்டிருக்காது. சார்ஜர் சொருகும் நீளப் பலகையில் எப்போதும் இடச் சண்டை நடக்கும். இப்போது அதில் என் ஒயர் ஒன்று மட்டும் தொங்கியது. படிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தேன். ஒரு பக்கம்கூடத் தாண்டவில்லை.

எனக்கு மனிதப் பேச்சு வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு எனக்கு யாரும் உட்காரவைத்துப் பாடம் சொன்னதில்லை. கணக்கு, ஆங்கிலம் எல்லாம் செல்போன் வீடியோவிலும் பழைய புத்தகத்திலும் நானே கிளறிக் கிளறிப் படித்தது. ஆனால் பேச்சை மட்டும் ஆட்களிடம்தான் படித்தேன். யாராவது ஒன்றைப் புதிதாகச் சொல்லிவிட்டால் அது எனக்கு நாள் முழுவதும் வாயில் கிடக்கும் கல்கண்டு. கேன்டீன் சாம்பாரை "மனசு விட்டுப்போன சாம்பார்" என்பாள் சங்கரன்கோயில்காரி. கீழ் வீட்டு அக்கா, வெயில் ஏறினால் "இன்னிக்கு சூரியன் ஓட்டி பாக்குது" என்பார். கூடுதல் நேர வேலைக்கு இங்கே எல்லோரும் சொல்வது அதுதான், ஓட்டி. இப்படி ஒரு வார்த்தை காதில் விழாத நாள் எனக்கு உப்பில்லாமல் போகும். உத்திர வாரம் முழுக்க அப்படித்தான் போனது.

தொழிற்சாலையிலும் அதே கதை. தெற்கத்தி ஆட்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டதால் இரண்டு லைனை ஒன்றாகச் சேர்த்து ஓட்டினார்கள். எனக்கு ஒரு பக்கம் ஒடிசாப் பெண், இன்னொரு பக்கம் பீகார் பையன். இருவருக்கும் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. அந்தப் பெண் மட்டும் சாப்பாட்டு மணி அடித்ததும் என்னைப் பார்த்து கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டுவாள். நான் தலையாட்டுவேன். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவோம். கம்பெனி பஸ்ஸில் வழக்கமாக எங்கள் ஊர்ச் சத்தம்தான் இருக்கும். இப்போது காலி இருக்கைகள். வாலாஜாபாத்காரரான டிரைவர் என்னைக் கண்ணாடியில் பார்த்து, "இன்னாமா, எல்லாத்தையும் டெஸ்பாட்ச் பண்ட்டு உன்னை மட்டும் ரிட்டன் அனுப்ட்டாங்களா?" என்றார். அந்த வாரம் எனக்குக் கிடைத்த ஒரே கல்கண்டு அது. சொல்லிச் சிரிக்க யாரும் இல்லாததால் நானே இரண்டு தரம் சிரித்துக்கொண்டேன்.

எனக்குக் காலை ஷிஃப்ட். மத்தியானம் அறைக்கு வந்து குளித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் நகல் எடுத்து வைத்திருந்த பழைய கேள்வித்தாள்களில் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, செல்போனில் அலாரம் வைத்துவிட்டு உட்காருவேன். உண்மையான தேர்வு மாதிரியே, எழுந்திருக்காமல் எழுதிப் பார்ப்பது. அலாரம் அடித்ததும் நிறுத்திவிட்டு விடைகளைச் சரிபார்ப்பேன்.

எழுதிய அத்தனையும் சரியாக இருக்கும். பாதித் தாள் எழுதாமல் கிடக்கும்.

மறுநாள் வேறு தாள். அதுவும் அப்படியே. நான் மெதுவாக எழுதுகிறேன் என்று நினைத்து வேகமாக எழுதிப் பார்த்தேன். தப்பு வந்ததே தவிர, தாள் முடியவில்லை. போன வருடமும் இதுதான் நடந்திருந்தது. அப்போது எனக்கு அறிவு போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. எழுதியது எல்லாம் சரியாக இருந்ததே. வீடியோவில் பாடம் எடுப்பவர், ஒரு கேள்வியில் சிக்கிக்கொள்ளாதே, தாண்டிப் போ என்று ஒவ்வொரு வீடியோவிலும் சொல்வார். நான் எங்கே சிக்கினேன், போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன் என்று அவருக்கு மனசுக்குள் பதில் சொல்வேன்.

அறையில் ஆள் இருந்தால் இதை வாய்விட்டுச் சொல்லிப் புலம்பியிருப்பேன். யாராவது ஒருத்தி ஏதாவது சொல்லி இருப்பாள். தேர்வைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றாலும் சொல்லி இருப்பாள். எனக்கு அது போதும்.

உத்திரத்தன்று சாயங்காலம் கீழ் வீட்டு அக்கா தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மாடிக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். வீட்டுக்கார அம்மா என்ற தோரணை எல்லாம் கிடையாது. கதவு திறந்திருந்தால் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். எல்லாரும் ஊருக்குப் போயிருக்க என்னை மட்டும் ஏன் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார்கள் என்று கேட்டார். பரீட்சை என்றேன். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டார். கேன்டீனில் சாப்பிடுகிறேன், அவ்வளவு நன்றாக இருக்காது என்றேன்.

அவர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். "எங்க நெலத்துலதாம்மா உங்க கேன்டீன் கீது. நான் அங்க நல்லாத்தான் நெல்லு வெளைய வெச்சேன். அத்த எட்த்துக்கினு சோறு கூட நல்லா ஆக்கத் தெரியலன்னா நான் இன்னா பண்றது?"

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் அம்மா கோயிலிலிருந்து கூப்பிட்டாள். பின்னால் மேளம் காதைப் பிளந்தது. பொங்கல் வைத்தாயிற்று, சித்தப்பா வந்திருக்கிறார், உன்னை எல்லாரும் கேட்டார்கள் என்று கத்திக் கத்திச் சொன்னாள். காட்டுக்குள் சிக்னல் வந்து வந்து போனது. நான் சொன்னது அவளுக்குக் கேட்டமாதிரி தெரியவில்லை. பிறகு பேச்சை நிறுத்திவிட்டு போனை மேளத்துக்கு நேராகப் பிடித்தாள் போலிருக்கிறது. வெறும் மேளச் சத்தம். நான் போனைக் காதில் வைத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. "கேக்குதாட்டி?" என்று அம்மா குரல் ஒருமுறை வந்தது. கேக்கும்மா என்று சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை.

அதற்குமேல் படிப்பு ஓடவில்லை. எழுதி முடித்த தாள்களை எடுத்து அடுக்கலாம் என்று தரையில் பரப்பினேன். பரப்பியபோதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு கேள்வி எண்ணுக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி. எல்லாத் தாளிலும், முதல் கேள்வியிலிருந்து அலாரம் அடித்த கேள்விக்கு முந்தியது வரை, ஒழுங்காக, ஒரே அளவில். நான் வைத்ததுதான், வேறு யார் வைப்பார்கள். ஆனால் வைத்த ஞாபகமே எனக்கு இல்லை.

நான் கணக்குப் போட்டிருக்கவில்லை. லைனில் நின்றிருக்கிறேன். ஒரு கேள்வியைப் போட்டு, விடை வந்த பிறகு அதைத் திரும்பத் தொட்டுப் பார்த்து, இன்னொரு வழியிலும் போட்டுப் பார்த்து, புள்ளி வைத்த பிறகுதான் அடுத்ததை நகர விட்டிருக்கிறேன். கஷ்டமான கேள்வி வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறேன். புள்ளி இல்லாமல் நகரக் கூடாதே. பின்னால் இருந்த சுலபமான கேள்விகள் எல்லாம் முறை வராமலே கிடந்திருக்கின்றன.

சரி, தெரிந்துவிட்டது, நாளையிலிருந்து விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். கைக்கு அது தெரியவில்லை. மறுநாள் மத்தியானம் வேண்டுமென்றே ஒரு கேள்வியை விட்டு அடுத்ததற்குப் போனேன். கேஸைத் திறந்து போட்டுவிட்டு வெளியே வந்தமாதிரி இருந்தது. மூன்று வரி படிப்பதற்குள் கண் மேலே ஓடிவிட்டது. சோற்றுத் தட்டை எடுத்து முந்தைய கேள்விகள் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு எழுதினேன். தட்டை நகர்த்தி நகர்த்தி எட்டிப் பார்த்தேன். விட்டு வந்த கேள்வி, பாதி முடுக்கிய போல்ட்டோடு ஒரு இருக்கை தனியாகப் போய்க்கொண்டிருக்கிற மாதிரி மனசுக்குள் ஓடியது. அதில் யாரோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் போகிறார்கள். இதில் யாரும் உட்காரப் போவதில்லை, இது வெறும் தாள் என்று எனக்கு நானே சத்தமாகச் சொன்னேன். காலி அறையில் என் குரல் எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கை கேட்கத் தொடங்கியது. அன்றைக்கு அலாரம் அடித்தபோது முக்கால் தாள் தாண்டியிருந்தேன்.

அதனால் அடுத்த வம்பு வந்தது. தேர்வுக்கு முந்தின நாள் காலை லைனில் நிற்கிறேன். மூன்று போல்ட்டுக்குப் புள்ளி வைத்தேன். நான்காவதற்கு வந்தபோது திடீரென்று எனக்கு நிச்சயமில்லாமல் போயிற்று. முந்தின இருக்கையில் நான்கையும் பார்த்தேனா, இல்லை நேற்று மத்தியானம் பழகின பழக்கத்தில் ஒன்றை விட்டுவிட்டேனா? மத்தியானம் விடப் பழகினேன், காலையில் விடக் கூடாது. இரண்டும் ஒரே கைதானே. முந்தின இருக்கை அதற்குள் ஒடிசாப் பெண்ணைத் தாண்டிப் போயிருந்தது. கயிற்றை இழுத்துவிட்டேன்.

எங்கள் லைன் நின்றால் ஒரு பொம்மை வண்டிப் பாட்டு ஒலிக்கும். சிவப்பு விளக்கு சுற்ற, அந்தப் பாட்டுக்கு நடுவில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். லைன் லீடர் மேடம் வந்தார். அவரும் வாலாஜாபாத் பக்கம்தான். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். அந்த இருக்கையைத் திரும்ப வரவழைத்துக் கவிழ்த்துப் பார்த்தார். நான்கு போல்ட், நான்கு புள்ளி, நான்கும் இறுக்கமாக இருந்தன.

மன்னித்துக்கொள்ளுங்கள் மேடம், சந்தேகம் வந்துவிட்டது என்றேன்.

"இன்னாத்துக்கு இப்ப மூஞ்சி தொங்கிப்போச்சு?" என்றார். "டவுட்டு வந்தா இஸ்து வுடு. அத்துக்குத்தான் கட்டி வெச்சிக்கீறோம். நாங்கல்லாம் ஓடியாந்துருவோம்."

அவர் பாட்டை நிறுத்திவிட்டுப் போனார், லைன் நகர்ந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாங்கள் ஓடி வருவோம் என்று சொன்னதுதான் தாங்கவில்லை. நாளைக்குப் போகிற இடத்தில் தலைக்கு மேல் கயிறு எதுவும் தொங்காது. அங்கே சந்தேகம் வந்தால் யாரும் ஓடி வர மாட்டார்கள். சந்தேகத்தைக் கூடவே உட்கார வைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு அடுத்ததைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு மத்தியானம் நான் படிக்கவில்லை. துணி துவைத்தேன், கட்டில்களைத் தூசி தட்டினேன், ஐந்து பேருடைய தலையணை உறைகளையும் கழற்றித் துவைத்துப் போட்டேன்.

தேர்வு மையம் சென்னை போகிற வழியில் ஒரு பொறியியல் கல்லூரி. வாசலில் கூட்டம். அநேகம் பேர் அப்பாவோடு, அம்மாவோடு வந்திருந்தார்கள். ஒரு அப்பா மகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்க, அவள் குடைக்குள் நின்று குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா என்னிடம், கூட யாரும் வரலையாம்மா என்று கேட்டார். ஊரில் கோயில் விசேஷம் என்றேன். அவர் தன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நீட்டினார். இரண்டு மடக்கு குடித்துவிட்டுக் கொடுத்தேன்.

தாள் கைக்கு வந்தது. முதல் சில கேள்விகள் சுலபம். போட்டேன், திரும்பத் தொடாமல் நகர்ந்தேன். கை பென்சிலைத் தேடியது. பென்சில் கொண்டுபோகவே இல்லை. பிறகு ஒரு கேள்வி வந்தது. எட்டுப் பேர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு ஆங்கில எழுத்துதான் பெயர். ஏ-க்கு இடது பக்கம் மூன்றாவது ஆள் இவர், சி-க்குப் பக்கத்தில் எஃப் இல்லை என்று ஆறேழு குறிப்பு கொடுத்துவிட்டு, பி-க்கு நேர் எதிரே யார் என்று கேட்டிருந்தது. இந்த மாதிரிக் கணக்கு எனக்கு நன்றாக வரும். உட்கார்ந்தால் வந்துவிடும் என்று தெரியும். நேரம் பிடிக்கும் என்றும் தெரியும். தெரியாத கேள்வியை விடுவது ஒன்று. தெரிந்த கேள்வியை விடுவது இருக்கிறதே, அதற்கு நான் பழகவேயில்லை.

விட்டேன். விடைத்தாளில் அந்த வரிசையைத் தாண்டி அடுத்த வரிசையில் பேனாவை வைத்தேன். எட்டுப் பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தபடி நான் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தமாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனை விட்டேன் என்று எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் பக்கத்தைத் திருப்பினால், அடுத்த பக்கத்தில் எதுவும் அச்சாகவில்லை. எனக்குச் சட்டென்று புரியவில்லை. தாளே முடிந்துவிட்டிருந்தது. அறையிலும் சரி, போன வருடமும் சரி, முறையாக எழுதிக்கொண்டே வந்து கடைசிக் கேள்வியை நான் தொட்டதே இல்லை. கொஞ்ச நேரம் அந்த வெற்றுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திரும்பிப் போய், விட்டதில் முடிந்ததை எல்லாம் போட்டேன். எட்டுப் பேரிடம் நான் திரும்பி வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிட்டது.

வெளியே குடைக்காரக் குடும்பம் காரில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த அம்மா கையைக் காட்டினார். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனை எடுத்தேன். அறைக்காரிகள் எல்லாம் அடுத்த நாள் காலைதான் வருவார்கள். அம்மாவைக் கூப்பிட்டு, எழுதிவிட்டேன் என்றேன். நல்லா எழுதினியா என்றாள். முழுத் தாளையும் பார்த்துட்டேம்மா என்றேன். பார்த்தால் போதுமா என்று கேட்டாள். சாயங்காலம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

முடிவு வர வெகு நாள் ஆயிற்று. எனக்கு இடம் கிடைத்தது. தெற்கே ஒரு அரசுக் கல்லூரியில், கலந்தாய்வின் கடைசிச் சுற்றில், இனிமேல் இல்லை என்று நினைத்த நேரத்தில் கிடைத்தது. அதற்கு முன்பே, மே மாதம் ஒப்பந்தம் முடிந்த கையோடு இரும்புக் கட்டிலைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போயிருந்தேன். அன்றைக்கு அறையில் பெரிய கூத்து, சிரிப்பு, அழுகை எல்லாம் நடந்தது. ஆனால் இதை எழுத உட்கார்ந்தால் அந்த நாள் முன்னால் வரமாட்டேன் என்கிறது. தேர்வெழுதிவிட்டு வந்த சாயங்காலம்தான் வருகிறது.

அறையைத் திறந்தேன். துவைத்த தலையணை உறைகள் காய்ந்து கொடியில் விறைப்பாகக் கிடந்தன. படிக்க ஒன்றுமில்லை. பேச ஆளில்லை. கீழ்க் கட்டிலில் உட்கார்ந்து கேள்வித்தாளைப் புரட்டினேன். அந்தக் கேள்வியிடம் வந்தபோது பேனாவை எடுத்து அதன் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டேன். குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து ஆட்களை உட்கார வைத்தேன். ஒருத்தரை எழுப்பி இடம் மாற்றினேன். இன்னொருத்தரையும் எழுப்பினேன். அவசரம் எதுவும் இல்லை. கடைசி ஆளும் உட்கார்ந்தபின் மேசை நிறைந்தது.

"பி-க்கு எதுக்க ஜி" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கீழ் வீட்டு அக்கா கொடியிலிருந்த தன் துணிகளை எடுக்க வந்தவர், வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "இன்னாமா, தனியா யார்கிட்ட பேசிக்கினு கீற?"

"ஒண்ணுமில்லக்கா. பி-க்கு எதுக்க ஜி இருக்காங்க."

"யாரு அவங்கோ?"

"தெரியலக்கா. எட்டுப் பேரு ஒரு மேசையச் சுத்தி உக்காந்திருக்காங்க. காலைலேர்ந்து."

அக்கா உள்ளே வந்து என் தோளுக்கு மேலே குனிந்து வட்டத்தையும் எழுத்துகளையும் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சாப்ட்டாங்களா?"

கேள்வியில் அதைச் சொல்லவில்லை என்றேன்.

"மேசைய சுத்தி குந்த வெச்சுட்டு அத்த மொதல்ல கேக்க மாட்டாங்களா?" என்று சொல்லிக்கொண்டே, மடித்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் அந்த எட்டுப் பேரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து அரிசி களைந்தேன்.